இரண்டாவது ஓஎஸ் போடும்போது டிஸ்க் மக்கர் செய்தால்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

ஜூலை பிறந்தால் காட்பாடியில் என் சர்வீஸ் மேஜைக்கு வரும் லேப்டாப்புகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். காலேஜ் லேபில் லினக்ஸ் வேண்டும் என்றார்கள், ஹாஸ்டல் சீனியர் பென்டிரைவ் கொடுத்தார், ராத்திரி பதினொரு மணிக்கு இன்ஸ்டால் ஆரம்பித்தது, பன்னிரண்டு மணிக்கு டி டிரைவைக் காணோம். "இன்னாணா ஆச்சு? நான் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னுதான்ணா குடுத்தேன்" என்று காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள்.

வருகிறவர்கள் சொல்லும் வாக்கியங்கள் ஒன்பதுக்குள் அடங்கிவிடும். அவற்றையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ, நேராக அங்கே போங்கள். ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். விண்டோஸ் இருக்கும் மெஷினில் உபுண்டு, மின்ட் மாதிரி ஒரு லினக்ஸைச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. லினக்ஸ் இருக்கும் மெஷினில் விண்டோஸ் சேர்ப்பதற்கும் ஒரு தலைப்பு உண்டு.

கை வைக்கும் முன்

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்து போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அது அதே டிஸ்க்கில்தான் போய் உட்காரும். எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) எத்தனை ஜிபி, எந்த வரிசையில் இருந்தது என்பதற்கு அந்த ஒரு போட்டோதான் சாட்சி. போன் செய்து உதவி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். பத்தில் ஒன்பது பேரிடம் இருக்காது.

போனால் அழுவீர்கள் என்கிற கோப்புகளை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷன் அளவை மாற்றாதீர்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது கரண்டை நம்பி டிஸ்க்கை வெட்டுவது வீண் வம்பு.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024-ல் வந்த பதிப்பிலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல மெஷின்களில் அது தானாக ஓடிவிடுகிறது. நீங்கள் ஆன் செய்திருக்கவே மாட்டீர்கள். அதற்கான 48 இலக்க ரிக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸ் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் மெஷினின் செட்டிங்ஸ்) பக்கமே போகாதீர்கள்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக ஒரே விதி: விண்டோஸ் பிடித்திருக்கும் இடத்தை விண்டோஸுக்குள் இருந்தே குறையுங்கள், குறைத்த காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், லினக்ஸ் இன்ஸ்டாலர் அதில் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளும். காலி இடத்தில் "நியூ வால்யூம்" என்று ஒன்றை உருவாக்கி ஈ டிரைவ் என்று பேர் வைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

அறிகுறி 1: "ஷ்ரிங்க் கொடுத்தால் கொஞ்சம்தான் தருகிறது"

பாகாயத்திலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்த மெஷின். சி டிரைவில் 210 ஜிபி காலி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் (டிரைவைச் சுருக்குவது) கொடுத்தால் 9 ஜிபிக்கு மேல் தரமாட்டேன் என்கிறது. அவர் ரெண்டு நாள் உட்கார்ந்து படங்களை எல்லாம் அழித்திருக்கிறார். அழித்தும் அதே 9 ஜிபி.

காலி இடம் எவ்வளவு என்பது இங்கே கணக்கே இல்லை. நகர்த்த முடியாத ஒரு கோப்பு டிரைவின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதற்கு இந்தப் பக்கம் ஷ்ரிங்க் வராது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், நீங்கள் எண்ணைச் சரியாகப் போட்டீர்களா? அந்தக் கட்டம் எம்பியில் கேட்கிறது. 60 ஜிபி வேண்டுமென்றால் 61440 என்று போட வேண்டும். வெறும் 60 போட்டுவிட்டு 60 எம்பி காலி இடத்தோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, ஹைபர்னேட்டை (இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கும் வசதி) நிறுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, நான் போனில் சொல்வது போலவே சொல்கிறேன்: பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஹெச், ஒரு ஸ்பேஸ், ஆஃப். எல்லாம் சின்ன எழுத்து, எண்டர். பதில் எதுவும் வராது. வராவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு சிஸ்டம் புரொடெக்ஷனில் சி டிரைவுக்கு ரெஸ்டோர் பாயின்ட்டை ஆஃப் செய்து பழையதை அழியுங்கள். வர்ச்சுவல் மெமரியில் 'நோ பேஜிங் ஃபைல்' வையுங்கள். ரீஸ்டார்ட். இப்போது மறுபடி ஷ்ரிங்க் கொடுத்துப் பாருங்கள். அந்த மாணவியின் மெஷினில் இந்த மூன்றுக்கும் பிறகு 98 ஜிபி தந்தது. எடுத்தது 60. முடிந்ததும் பேஜிங் ஃபைலையும் ரெஸ்டோர் பாயின்ட்டையும் பழையபடி வைக்க மறக்காதீர்கள். ஹைபர்னேட் மட்டும் ஆஃபிலேயே இருக்கட்டும், காரணம் அறிகுறி 7-ல் வரும்.

இன்னும் தரவில்லையா? ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தக் கோப்பு வழியை மறிக்கிறது என்று பேர் சொல்லியே அங்கே எழுதியிருக்கும். பலருக்குத் தெரியாத இடம் இது. டவுன்லோடு செய்த ஒரு பெரிய கேம் கோப்பாக இருந்தால் வெளி டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள். டாலர் குறியில் தொடங்கும் விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருந்தால் உங்களால் நகர்த்த முடியாது.

அந்த நிலையில் பென்டிரைவில் லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) போட்டு, ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி மூலம் குறைப்பது ஒரு வழி. அதற்கு முன் சிஎச்கேடிஸ்க் (டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளை) ஓட்ட வேண்டும், என்கிரிப்ஷன் ஆஃபில் இருக்க வேண்டும், பேக்கப் கட்டாயம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோன ஜிபார்ட்டட் வேலையைச் சரிசெய்வதைவிடப் புதிதாகப் போடுவது எளிது.

அறிகுறி 2: "இன்ஸ்டாலரில் ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை"

*16 அல்லது 32 ஜிபியில் ஒரு டிஸ்க் மட்டும் தெரிந்தால்:* அது உங்கள் பென்டிரைவ்தான். அதில் போய் இன்ஸ்டால் கொடுத்துவிடாதீர்கள்.

*ஆர்எஸ்டியை (இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறை) அணைக்கச் சொல்லி உபுண்டு கேட்டால், அல்லது எதுவுமே சொல்லாமல் டிஸ்க் மட்டும் இல்லையென்றால்:* பயாஸில் ஸ்டோரேஜ் மோட் ரெய்டு அல்லது ஆர்எஸ்டியில் இருக்கும். லினக்ஸுக்குப் பிடிபடும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். முறை இது: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து 'பூட்' பக்கத்தில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

இதில் ரெண்டு பள்ளம் இருக்கிறது. சேஃப் மோடில் நாலு இலக்க பின் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். ரெண்டும் தெரியாமல் வந்து மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*பயாஸில் அந்த ஆப்ஷனே இல்லையென்றால்:* புதிய இன்டெல் மெஷின்களில் விஎம்டி என்ற பேரில் இருக்கும். சில ஏசர் மாடல்களில் அது மறைந்திருக்கும். பயாஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.

*பயாஸ் பட்டியலிலேயே டிஸ்க் இல்லையென்றால்:* இது ஓஎஸ் பிரச்சினை இல்லை. டெஸ்க்டாப் என்றால் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். லேப்டாப் என்றால் அங்கேயே நிறுத்திக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி 3: "விண்டோஸ் கூடவே போடு என்கிற ஆப்ஷன் வரவில்லை"

டிஸ்க் தெரிகிறது. ஆனால் முழுசாக அழித்துவிட்டுப் போடு, நீயே பார்த்துக்கொள் என்று ரெண்டு வழி மட்டும்தான் இருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்பட்டு முதலாவதை அழுத்துவதுதான் என் கடைக்கு வேலை கொடுக்கிறது.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு விண்டோஸுக்குத் திரும்புங்கள். என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, முழுதும் நீங்கும்வரை காத்திருங்கள்; பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். அது இல்லையென்றால், விண்டோஸ் சரியாக மூடப்படாமல் ஹைபர்னேட்டில் கிடக்கிறது. ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுத்து அப்படியே பென்டிரைவில் எழுப்புங்கள். அதுவும் இல்லையென்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 4: "காலி இடம் இருக்கிறது, ஆனால் பயன்படுத்த முடியாது என்கிறது"

இன்ஸ்டாலர் அந்த இடத்தின் பக்கத்தில் 'அன்யூசபிள்' என்று காட்டும். பழைய மெஷின்களில்தான் வரும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இடது பக்கம் டிஸ்க் 0 மேல் ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ். பார்ட்டிஷன் ஸ்டைல் எம்பிஆர் (பார்ட்டிஷன் பட்டியலின் பழைய முறை) என்று இருக்கிறதா? அப்படியென்றால் அதில் நாலு பிரைமரி (முதன்மைப் பார்ட்டிஷன்) வரைக்கும்தான் இடம். உங்களிடம் ஏற்கெனவே நாலு இருக்கும்: விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய ஒன்று, சி, டி, கம்பெனி வைத்த ரிக்கவரி.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் (இந்திய அரசின் லினக்ஸ்) சேர்ந்தே வந்தன. அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் வாங்கியதில் தம்பி இப்போது புது லினக்ஸ் போட வருவான். அந்த மெஷின்களில் தொந்தரவே வேண்டாம். பாஸ் இருந்த பார்ட்டிஷனையே புது லினக்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள், பார்ட்டிஷன் எண்ணிக்கை ஏறாது.

மற்றவற்றில், டி டிரைவில் இருப்பதை வெளியே காப்பி எடுத்துவிட்டு டியை நீக்குங்கள். அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் (உள்ளே பல பார்ட்டிஷன்களை வைக்கும் உறை) ஒன்று உருவாக்கி, அதற்குள் லாஜிக்கலாக டியையும் லினக்ஸையும் வையுங்கள். லாஜிக்கல் பார்ட்டிஷனிலிருந்து லினக்ஸ் தாராளமாக எழும்.

எம்பிஆர் டிஸ்க்கில் இருப்பதை அழிக்காமலே அதை ஜிபிடி (பட்டியலின் புதிய முறை) ஆக்கும் கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், 2017 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் மூன்று பிரைமரிக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். நாலு இருப்பதால்தானே நீங்களே இங்கு வந்தீர்கள்? ரிக்கவரி பார்ட்டிஷனை நீக்கி மூன்றாக்கலாம், மெஷின் யுஇஎஃப்ஐயில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) எழக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போவதென்றால் ஒருமுறை யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஐந்தாவது பார்ட்டிஷன் உருவாக்கப் போனால் டிஸ்க்கை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். 'நோ' கொடுங்கள். 'யெஸ்' கொடுத்துவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிஸ்க் பிடிபடாது, பழையபடி திருப்ப விண்டோஸிலும் நேர்வழி கிடையாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், பேக்கப் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்.

அறிகுறி 5: "இந்த டிஸ்க்கில் விண்டோஸ் போட முடியாது"

லினக்ஸ் இருக்கும் மெஷினில் விண்டோஸ் சேர்க்கும்போது வருவது. செய்தியின் கடைசி வார்த்தைகளைப் படியுங்கள்.

டிஸ்க் எம்பிஆர், ஜிபிடி வேண்டும் என்றால் பென்டிரைவ் யுஇஎஃப்ஐயில் எழுந்திருக்கிறது. டிஸ்க் ஜிபிடி, முடியாது என்றால் பென்டிரைவ் பழைய லெகசி முறையில் எழுந்திருக்கிறது. டிஸ்க்கில் தப்பே இல்லை. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் ரெண்டு வரியாகத் தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும். மற்றதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒரே வரிதான் என்றால் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் ஸ்கீமை மாற்றிப் பென்டிரைவை மறுபடி தயாரியுங்கள்.

வீடியோக்களில் சொல்லும் வைத்தியம் வேறு. டிஸ்க்பார்ட் திற, டிஸ்க்கைத் தேர்ந்தெடு, 'க்ளீன்' என்று தட்டு, பிழை போய்விடும். போய்விடும், சரிதான். கூடவே அந்த டிஸ்க்கில் இருந்த எல்லாப் பார்ட்டிஷனும் போய்விடும். ராணிப்பேட்டையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் இப்படித்தான் மூணு வருஷக் கல்யாண ஆல்பத்தைப் பறிகொடுத்துவிட்டு ஓடிவந்தார். "ஆர் யூ ஷ்யூர்னு கூட கேக்கலைணா" என்றார். ஆமாம், அது கேட்காது.

அறிகுறி 6: "இன்ஸ்டால் முடிந்தது, ஆனால் சரியாக எழவில்லை"

*நேராக விண்டோஸுக்கே போகிறது:* பயாஸில் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். ஏசரில் அது பட்டியலிலேயே இல்லாவிட்டால், பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்த பிறகு 'டிரஸ்டட்' கோப்பாகச் சேர்க்கும் வழி திறக்கும். அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள்.

*லினக்ஸ் மட்டும்தான் வருகிறது, விண்டோஸ் மெனுவில் இல்லை:* பதறாதீர்கள். ஹெச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவா, ஏசர் என்றால் எஃப்12, ஏசஸ் என்றால் எஸ்கேப் அழுத்தி எழுப்புங்கள். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அங்கே இருந்தால் விண்டோஸ் நலமாக இருக்கிறது. 2021-ல் வந்த 2.06 பதிப்பிலிருந்து கிரப் (எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் பூட் மெனு) மற்ற ஓஎஸ்களைத் தானாகத் தேடுவதில்லை. கிரப் அமைப்புக் கோப்பில் ஓஎஸ் ப்ரோபரை (அப்படித் தேடும் கருவி) முடக்கும் வரிக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து, அப்டேட் கிரப் ஓட்டினால் மெனுவில் வந்துவிடும்.

*எஃப்9, எஃப்12-லும் விண்டோஸ் இல்லை:* இன்ஸ்டால் செய்யும்போது 100 எம்பி அளவில் இருந்த சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கும் (ஓஎஸ்களை எழுப்பும் கோப்புகள் இருக்கும் இடம்) 'ஃபார்மேட்' டிக் போட்டிருப்பீர்கள். சி டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதற்குள் போகும் வாசல்தான் போனது. விண்டோஸ் பென்டிரைவில் எழுப்பி 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் கைப்படக் கட்ட வேண்டும், அது தெரிந்தவர் செய்யட்டும். எந்தக் காரணத்துக்காகவும் விண்டோஸைப் புதிதாகப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைக்காரர் அப்படிச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

*கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ':* லினக்ஸ் வேண்டாமென்று விண்டோஸில் இருந்தபடி அதன் பார்ட்டிஷனை நீக்கியிருப்பீர்கள். யுஇஎஃப்ஐ மெஷினில் மேலே சொன்ன பட்டனை அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரை எடுத்து, பயாஸ் வரிசையிலும் அதையே முதலாவதாக வையுங்கள். பழைய எம்பிஆர் மெஷின் என்றால் விண்டோஸ் டிஸ்க்கில் எழுப்பி பூட்ரெக் கட்டளையில் 'ஃபிக்ஸ்எம்பிஆர்' ஓட்ட வேண்டும்.

அறிகுறி 7: "லினக்ஸில் டி டிரைவ் திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை"

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் இதுவும் சேர்ந்தே போய்விடும். வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் வழிகள் இருக்கின்றன. செய்யாதீர்கள்.

அறிகுறி 8: "டி டிரைவ் காணோம்"

மெஷினைத் தொடாதீர்கள். புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், டவுன்லோடு செய்யாதீர்கள்.

பட்டா தொலைந்தால் நிலம் தொலைவதில்லை. தாலுக்கா ஆபீசில் அலைந்தாவது வாங்கிவிடலாம். ஆனால் பட்டா இல்லாத நேரத்தில் வேறொருவர் அதில் வீடு கட்டிவிட்டால்? டிஸ்க்கிலும் அதேதான். நீக்கியது பட்டியலில் ஒரு வரி. அதன்மேல் லினக்ஸ் வந்து உட்கார்ந்ததா என்பதுதான் கேள்வி.

*டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷன் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை:* ரைட் கிளிக் செய்து டி எழுத்தைக் கொடுங்கள். வேலை முடிந்தது.

*'ரா' என்று இருக்கிறது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது:* கேன்சல். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல்.

*'அன்அலகேட்டட்' என்று கறுப்புக் கோடாக இருக்கிறது:* ஆரம்பத்தில் எடுத்த போட்டோவைப் பாருங்கள். டி இருந்த அதே அளவு காலியாகத் தெரிகிறதா? நல்ல செய்தி. லைவ் பென்டிரைவிலிருந்து டெஸ்ட்டிஸ்க் (தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் கருவி) ஓட்டினால் பழைய எல்லைகளைத் தேடிக் காட்டும். எழுதச் சொல்லும் முன் கோப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்து, வேண்டியதை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள்.

*அந்த இடத்தில் லினக்ஸ் உட்கார்ந்துவிட்டது:* லினக்ஸ் எழுதிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். மீதியில் கொஞ்சம் கிடைக்கலாம். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு இன்னும் குறைவு, அழித்த இடத்தை அது தானாகவே சுத்தம் செய்துவிடும்.

டெஸ்ட்டிஸ்க் ஓட்டுவதற்கு முன் வேறு மெஷினில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்த கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், அல்லது டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் கரண்டை நிறுத்துங்கள். இனி ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் உங்கள் கோப்புகளுக்குக் கேடு. இது என் மேஜையில் ஆகும் வேலை இல்லை, நானே சென்னைக்குத்தான் அனுப்புகிறேன். செலவு புது லேப்டாப் அளவுக்கும் போகலாம். அதனால் உள்ளே இருப்பது என்ன, அது அவ்வளவு பெறுமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

அறிகுறி 9: "விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது"

டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பார்ட்டிஷன் கெட்டுப்போச்சா என்று இதற்கும் போன் வருகிறது. லினக்ஸ் மெஷின் கடிகாரத்தை லண்டன் பக்கத்து நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று நினைக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல் ஆர்டிசிக்கு (மெஷின் கடிகாரம் நம்மூர் நேரத்தில் இருக்கட்டும் என்பது) 1 கொடுத்துவிட்டு, விண்டோஸில் ஒருமுறை நேரத்தைச் சரியாக வையுங்கள்.